அமினோ பவுடர்: செரிமானத்துக்கும் உடற்பயிற்சிக்கும் அது தேவையா?





நம் ஊரில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. பின்னிரவு வரை செல்போனில் மூழ்கிக் கிடப்பதைவிட, ஃபஜ்ரு தொழுதுவிட்டு ஒரு மணி நேரம் உடலை வருத்துவது எவ்வளவோ மேல். ஆனால் ஜிம்முக்குப் போன சில வாரங்களிலேயே வீட்டு அலமாரியில் ஒரு பெரிய டப்பா வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'அமினோ', 'பி.சி.ஏ.ஏ.', 'குளுட்டமின்', 'வே புரோட்டீன்' என்று ஏதாவது எழுதியிருக்கும். விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். வெளிநாட்டுப் பெயர் போட்டதென்றால் இரண்டு மூன்று மடங்கு. ஒரு பட்டுச் சேலை நெய்து முடித்தால் கைக்கு வரும் கூலியில் அது எத்தனை பங்கு என்று ஆரணிக்காரர்களுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் கேட்கிறார்கள்: "பாய், பையன் இதைக் குடிக்கிறான். கிட்னி போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?" வேறு சிலர் அதே டப்பாவை வேறு காரணத்துக்காக விசாரிக்கிறார்கள்: "அத்தாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் ஜீரணம் ஆகலை. இது ஏற்கெனவே ஜீரணமான சத்தாமே, கொடுக்கலாமா?" நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களிலும் அமினோ டானிக், அமினோ டிரிப் என்று பில்கள் சேர்ந்து வருகின்றன. இது நம் குடும்பங்களின் பணமும் உடல்நலமும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமினோ அமிலம் என்றால் என்ன?

இதை விளக்க ஆரணியைவிட நல்ல ஊர் கிடையாது. நாம் கையாளும் பட்டு நூலே புரதம்தான். பட்டுப்புழு தன் உடலில் சுரந்து நூற்கும் அந்த இழையின் உள்ளே இருப்பது 'ஃபைப்ரோயின்' என்ற புரதம். அதைச் சுற்றிப் பசையாக ஒட்டியிருப்பது 'செரிசின்' என்ற இன்னொரு புரதம். சாயம் போடுவதற்கு முன்பு சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை எடுக்கிறோமே, அப்போது தண்ணீரோடு கரைந்து போவது இந்தச் செரிசின்தான். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதிலேயே போய்விடும். மிஞ்சுகிற ஃபைப்ரோயினைப் பிரித்துப் பார்த்தால் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று சிறு துண்டுகளே மிகுதியாக, திரும்பத் திரும்பக் கோத்திருக்கும். அந்தச் சிறு துண்டுகளுக்குத்தான் அமினோ அமிலம் என்று பெயர்.

நம் உடலில் தசை, தோல், முடி, இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், உணவைச் செரிக்கும் நொதிகள் எல்லாமே இதேபோல் கோக்கப்பட்டவை. இதற்கு 20 வகை அமினோ அமிலங்கள் பயன்படுகின்றன. அவற்றில் 9 வகையை உடலால் தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். அந்த ஒன்பதில் லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்றையும் பிரித்தெடுத்துப் பவுடராக விற்பதுதான் 'பி.சி.ஏ.ஏ.'. குளுட்டமின் அந்த ஒன்பதில் இல்லை. அதை நம் உடலே செய்துகொள்கிறது.

வயிற்றில் நடப்பது

ஆட்டிறைச்சியோ பாசிப்பருப்போ, எந்தப் புரதமானாலும் உடல் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பழைய சேலையைப் பிரித்து இழை இழையாக்கித் தன் தறியில் புதிதாக நெய்துகொள்கிறது. பிரிக்கும் வேலை இரைப்பையில் தொடங்குகிறது. அங்குள்ள அமிலமும் பெப்சின் என்ற நொதியும் புரதத்தைத் தளர்த்தி வெட்டுகின்றன. பிறகு சிறுகுடலில் கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் முதலான நொதிகள் இன்னும் சிறிதாக வெட்டுகின்றன. கடைசியில் குடல் சுவரின் செல்கள் அவற்றை உள்ளே வாங்கிக்கொள்கின்றன.

"ஏற்கெனவே பிரித்து வைத்த அமினோ அமிலத்தைக் கொடுத்தால் வயிற்றுக்கு வேலை மிச்சம்" என்பது விற்பவர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் குடலின் அமைப்பு வேறு. அது தனித்தனி அமினோ அமிலங்களை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. இரண்டு மூன்று சேர்ந்திருக்கும் சிறு கோவைகளை வாங்கிக்கொள்ளத் தனி வாசலே வைத்திருக்கிறது. பல நேரங்களில் தனித் துண்டுகளைவிட அந்தக் கோவைகளே விரைவாக உள்ளே போகின்றன. அதனால் முழுதாகப் பிரித்துக் கொடுத்ததால் ஆரோக்கியமான வயிற்றுக்குப் பெரிய உபகாரம் எதுவும் இல்லை. மாறாக, தனி அமினோ அமிலத்தை ஒரே நேரத்தில் அதிகமாகக் குடித்தால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும்.

இன்னொன்று: நம் செரிமானம் நாம் நினைக்கும் அளவுக்குப் பலவீனமானது அல்ல. முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் செரித்து உள்ளே போய்விடுகிறது. பருப்பு வகைகளில் அது சற்றுக் குறையும். 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஊறவைத்தால், முளைகட்டினால், இட்லி மாவைப்போல் புளிக்கவைத்தால் அதுவும் கூடும். நம் பாட்டிமார் உளுந்தை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்ததில் பல்லாயிரம் ரூபாய்த் தொழிற்சாலை வேலை அடங்கியிருக்கிறது.

அப்படியானால் "ஜீரணம் ஆகவில்லை" என்று வருகிறவருக்கு என்ன குறை? பெரும்பாலும் அமினோ அமிலக் குறை அல்ல. நம் ஊரில் நான் பார்க்கிற காரணங்கள் வேறு. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ, பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவு பத்தரைக்குப் பரோட்டா. பிறகு புகையிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, வலி மாத்திரை. நாள் முழுக்கத் தறியில் உட்காருகிறவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் வலிப்பது இயல்பு. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கும் படலத்தையே அரிக்கின்றன. புண் வந்த வயிற்றுக்கு 'ஜீரண சத்து' என்று பவுடர் கொடுப்பது, ஓட்டை விழுந்த குடத்துக்கு வெளியே சாயம் பூசுவதைப் போன்றது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் வரும் இரைப்பைப் புண்ணும் நம் நாட்டில் சாதாரணம். அதற்குக் குறிப்பிட்ட நாட்கள் ஆன்டிபயாட்டிக் சிகிச்சை இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், செரிமானத்துக்காக வாங்கும் பவுடரே பலருக்கு வயிற்றைக் கெடுக்கிறது. 'வே' என்பது பாலிலிருந்து பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரின் புரதம். விலை குறைந்த வகைகளில் பால் சர்க்கரையும் கூடவே இருக்கும். தென்னிந்தியர்களில் பலருக்கு வயது வந்தபின் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. அவர்களுக்கு வயிறு உப்பும், வாயு பிரியும், பேதியாகும். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சில இனிப்பூட்டிகளும் இதே வேலையைச் செய்யும்.

குளுட்டமின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'குடலுக்கு நல்லது' என்று அதைத்தான் அதிகம் விற்கிறார்கள். குடல் செல்கள் குளுட்டமினை எரிபொருளாகப் பயன்படுத்துவது உண்மை. வயிற்றுத் தொற்றுக்குப் பிறகு நீடித்த பேதியால் அவதிப்பட்ட சுமார் 100 பேரிடம், தினம் 15 கிராம் குளுட்டமினை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019ல் வெளியானது. பலருக்கு நல்ல குணம் தெரிந்தது. சிறிய ஆய்வு, ஒரு குறிப்பிட்ட நோய், மருத்துவர் கண்காணிப்பு. அதை வைத்துக்கொண்டு எல்லார் வயிற்றுக்கும் நல்லது என்று சொல்ல முடியாது. இதன் மறுபக்கமும் தெரிய வேண்டும். உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த 1,200க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013ல் வந்தது. குளுட்டமின் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடியிருந்தது. இயற்கையாக உடலில் இருக்கும் பொருள்தானே, கூடுதலாகப் போனால் என்ன என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உடற்பயிற்சிக்குப் பின்

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை வலிப்பது, பழக்கமில்லாத சுமையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவாலும் வீக்கத்தாலும் வருவது. ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும். பி.சி.ஏ.ஏ. இந்த வலியைச் சற்றுக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைவது கொஞ்சம்தான். தசையின் வலு விரைவாகத் திரும்புகிறதா என்று பார்த்தால் முடிவுகள் தெளிவாக இல்லை. அதோடு, உணவிலேயே போதிய புரதம் சாப்பிடுகிறவருக்குப் பவுடர் மேற்கொண்டு என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி.

2017ல் பிரிட்டனில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. பயிற்சிக்குப் பிறகு 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடித்தவர்களின் தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகம், வெறும் இனிப்புத் தண்ணீர் குடித்தவர்களைவிட 22 சதவீதம் கூடியிருந்தது. இந்த எண்ணைத்தான் விளம்பரங்களில் காட்டுவார்கள். அதே அளவு பி.சி.ஏ.ஏ. அடங்கிய முழுப் புரதத்தைக் குடித்தால் கிடைப்பதாக முந்தைய ஆய்வுகள் காட்டியதில் இது பாதி அளவே என்று அதே ஆய்வாளர்கள் எழுதியதை யாரும் காட்டுவதில்லை.

காரணம் நெசவாளருக்கு எளிதில் புரியும். வீட்டில் ஜரிகையை மட்டும் கிலோக் கணக்கில் வாங்கி அடுக்கினால் சேலை ஆகுமா? பாவு வேண்டும், ஊடை வேண்டும். லியூசின் "நெய்யத் தொடங்கு" என்று தசைக்குக் கட்டளை கொடுக்கிறது, அது உண்மை. ஆனால் நெய்வதற்கு ஒன்பது வகையும் வேண்டும். மூன்றை மட்டும் கொடுத்தால் மீதி ஆறை உடல் எங்கிருந்து எடுக்கும்? ஏற்கெனவே இருக்கும் தசையைப் பிரித்துத்தான். ஒரு சேலையைப் பிரித்து இன்னொரு சேலை நெய்வதில் லாபம் ஏது?

முழு உணவில் இந்த மூன்றும் தாராளமாக இருக்கின்றன. நான்கு முட்டையில் ஏறத்தாழ 5 கிராம் பி.சி.ஏ.ஏ. இருக்கிறது, ஒரு கரண்டி பவுடரில் இருப்பதும் ஏறக்குறைய அதேதான். முட்டையில் மீதி ஆறும் சேர்ந்தே வருகின்றன. முட்டை ஒன்று ஆறேழு ரூபாய்.

எவ்வளவு புரதம் போதும்?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்த நிறுவனம் 1918ல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக் கூடமாகத் தொடங்கி 1958ல் ஹைதராபாத்துக்குப் போனது. அதன் கணக்குப்படி வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை என்றால் 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு இதைவிடக் கூடுதல் தேவை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 49 ஆய்வுகளைத் திரட்டி 2018ல் பார்த்தபோது, கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் தெரியவில்லை. அதாவது 60 கிலோ எடையுள்ள பையனுக்கு அதிகபட்சம் 96 கிராம்.

அந்த 96ஐ நம் அடுப்பங்கரையில் எடுக்க முடியுமா? போட்டுப் பார்த்தேன். இரண்டு முட்டையில் 12 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16. நூறு கிராம் கோழி அல்லது மீனில் 20. ஐம்பது கிராம் பருப்பில் 11. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் சேர்த்து ஐம்பது கிராம் என்றால் 12 வரை. நாள் முழுக்கச் சாப்பிடும் அரிசியும் கோதுமையும் முந்நூற்றைம்பது கிராம் என்றால் அதிலிருந்தே 25 வரும். கூட்டினால் சரியாக 96. சோற்றில் புரதமே இல்லை என்று நினைக்கிறவர்கள் கடைசி எண்ணைக் கவனியுங்கள்.

கோழி வாங்க முடியாத வாரமும் நம் வீடுகளில் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல விகிதம். நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள்: அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், கைப்பிடி கொத்துக்கறி. எந்த நிபுணரும் கூடிப் பேசாமலே அமைந்த கலவை அது. ரமலானில் தராவீஹுக்குப் பிறகு பயிற்சி செய்யும் இளைஞர்களும் இஃப்தாரில் அந்தக் கஞ்சி, ஸஹரில் இரண்டு முட்டையும் தயிரும் என்று வைத்துக்கொண்டால் போதும். தண்ணீரை மட்டும் இரவு நேரத்தில் விட்டுவிட்டு நிறையக் குடிக்க வேண்டும்.

'அமினோ டானிக்' குடிப்பவர்கள் புட்டியின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு லைசின் மட்டும் சுமார் 1,800 மில்லிகிராம், லியூசின் 2,300 மில்லிகிராமுக்கு மேல் தேவை. பல டானிக்குகளில் ஒரு கரண்டிக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். ஒரே ஒரு முட்டையில் லியூசின் 500 மில்லிகிராமைத் தாண்டும். மீதிப் புட்டி சர்க்கரைப் பாகு. நீரிழிவுக்காரர்கள் இதையும் மனதில் வைக்கவும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் அப்பி பிலிப்ஸும் அவருடைய குழுவினரும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிப் பரிசோதித்து 2024ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீத டப்பாக்களில் லேபிளில் சொன்ன புரத அளவு உண்மையாக இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருந்தது. அது கல்லீரலைக் கெடுப்பது. 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் தெரிந்தது.

புரத அளவில் எப்படி ஏமாற்றுகிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். எனவே கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்துவிட்டால் நைட்ரஜன் கூடும். காகிதத்தில் புரதம் ஏறும். உடலுக்குப் பயன் ஏறாது. 2008ல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமின் என்ற பிளாஸ்டிக் இரசாயனத்தைக் கலந்ததும் இதே கணக்கை ஏமாற்றத்தான். அதில் ஆறு குழந்தைகள் இறந்தன; ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

அமினோ அமிலம் சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. 1989ல் அமெரிக்காவில் தூக்கத்துக்காக டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமில மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான தசை வலியும் இரத்தக் கோளாறும் வந்தன. 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, குறைந்தது 37 பேர் இறந்தார்கள். பெரும்பாலான நோயாளிகள் சாப்பிட்டது ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கு என்று பின்னர் கண்டறிந்தார்கள்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலை வளர்க்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி வெளிப்படையாகச் சொல்கிறது. அதிகப் புரதத்தை நீண்ட காலம் பவுடராக எடுப்பது எலும்பிலிருந்து தாதுச்சத்து குறைவதோடும் சிறுநீரகப் பாதிப்போடும் தொடர்புடையது என்றும் எச்சரிக்கிறது. "கிட்னி போய்விடுமா?" என்ற கேள்விக்கு என் புரிதலைச் சொல்கிறேன். சிறுநீரகம் நன்றாக உள்ள இளைஞருக்கு அளவான புரதத்தால் அது கெட்டுவிடும் என்பது நிறுவப்படவில்லை. ஆனால் சிறுநீரகத்தில் ஏற்கெனவே குறை உள்ளவருக்கு மிகைப் புரதம் பெரிய சுமை. குறை இருப்பது பரிசோதிக்கும்வரை தெரியாது என்பதுதான் சிக்கல். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள குடும்பங்களில் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யாமல் யாரும் இந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.

லேபிள் இல்லாமல் பாலித்தீன் பையில் கட்டித் தரும் பவுடரையும், பயிற்சியாளர் 'போடுங்க, சீக்கிரம் ஏறும்' என்று தரும் ஊசியையும் பற்றி ஒரு வரி போதும்: வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்தும் அதன் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற அறிவிப்பு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். நோயைக் குணப்படுத்தும் என்று எழுதியிருந்தாலே சந்தேகப்படலாம்.

ஹலால் விஷயமும் இதில் உண்டு. கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை முடியிலிருந்தும் பறவை இறகிலிருந்தும் எடுக்கும் வழக்கம் உண்டு. இப்போது நொதிக்கவைத்தும் தயாரிக்கிறார்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவப் பொருள். பழுப்பு முக்கோணம் இருந்தால் பிராணிப் பொருள் சேர்ந்தது. பழுப்புக் குறி இருந்தால் எந்தப் பிராணி என்று அந்தக் குறி சொல்லாது. மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை அல்ல; டப்பாவை எடுத்துக்கொண்டு நம் ஆலிம்களிடம் போய்க் கேளுங்கள்.

உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள்

எல்லாமே ஏமாற்று என்று நான் எழுதினால் அதுவும் நீதி ஆகாது. கல்லீரல் சுருங்கி மூளை மயக்கம் வரும் நோயாளிகளுக்குப் பி.சி.ஏ.ஏ. பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சிறுநீரக நோயில் புரதத்தைக் குறைத்து, அமினோ அமிலங்களோடு ஒத்த தனி மாத்திரைகளைச் சிறுநீரக மருத்துவர் கொடுப்பதுண்டு. பெரிய தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை, வாயால் சாப்பிடவே முடியாத நிலை, கணையம் பழுதானவர்கள் என்று இவர்களுக்கெல்லாம் மருத்துவர் எழுதிக் கொடுப்பது மருந்து. வாயால் சாப்பிட முடிகிறவர் 'அசதியாக இருக்கிறது' என்று அமினோ பாட்டில் ஏற்றிக்கொள்வது வேறு விஷயம். அதில் ஏறுவதை இரண்டு வேளை நல்ல சாப்பாடு தந்துவிடும்.

முதியவர்கள் தனி. அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரைகிறது. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நல்லது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் வயதானவர்களுக்குத்தான் கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்து முட்டையைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். பல் இல்லாதவருக்கு மசித்த பருப்பு, முட்டைப் பொரியல், தயிர், மீன் என்று மெல்லச் சேர்த்தால் 'ஜீரணம் இல்லை' என்ற புகாரில் பாதி, பசியோடு சேர்ந்து சரியாகும்.

ஓர் எச்சரிக்கை. சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் அரிதாகச் சில பிறவி வளர்சிதை நோய்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றில் இந்த பி.சி.ஏ.ஏ. மூன்றுமே குழந்தைக்கு விஷமாகும். குழந்தை மெலிந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் இந்தப் பவுடரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். மலம் தார் போலக் கறுத்துப் போவது, இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் அஜீரணம். இவற்றில் எது இருந்தாலும் டானிக் வாங்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஜிம் பிள்ளைகளுக்கு: முதல் நாளே வேகமாக ஏற்றிப் பயிற்சி செய்து, மறுநாள் சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்துக் கேட்கலாம். டப்பாவில் சந்தேகம் என்றால் பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

மருத்துவ உதவி மனுக்களைப் பற்றி: நம் நிதியில் ஜகாத் பணமும் சேர்ந்திருக்கிறது, அது அமானத். அதனால் அமினோ பவுடர், டானிக், டிரிப் ஆகியவற்றுக்கான பில்லை இனி, நோயின் பெயரையும் காரணத்தையும் குறிப்பிட்ட மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே ஏற்பது என்று நிர்வாகக் குழுவில் வைக்க இருக்கிறேன். கருத்து உள்ளவர்கள் அடுத்த ஜும்ஆவுக்குள் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கவும். சீட்டு எழுதத் தெரியாதவர்களுக்கு அலுவலகத்தில் உள்ள தம்பிகள் எழுதித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்